கார் ஸ்பீக்கர் மாற்றப் போகிறீர்களா? கதவை மூடுவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் தமிழர்கள், அதிலும் வேலைக்காக இங்கே வந்து பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டுபவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கதவு ஸ்பீக்கர் மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு கடை, பெட்டியில் ஒன்றைக் காட்டிவிட்டுக் கதவுக்குள் வேறொன்றை வைத்து அனுப்பியது. கூடவே கதவையும் கெடுத்து வைத்தது. புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் இந்த வேலையில் எங்கெங்கே கை வைக்கிறார்கள் என்பது தெரிந்தால் எந்தக் கடைக்குப் போனாலும் உதவும்.

என்னுடையது டொயோட்டா கொரோலா குவெஸ்ட். இங்கேயே ப்ராஸ்பெக்டன் ஆலையில் செய்த வண்டி, வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. ஓட்டுநர் பக்கத்துக் கதவு ஸ்பீக்கர் கரகரக்க ஆரம்பித்தது. கம்பெனி ஸ்பீக்கர்களில், அதிர்ந்து ஒலி எழுப்பும் பாகம் பெரும்பாலும் காகிதக் கூம்பாகத்தான் இருக்கும். வெயிலிலும் டர்பனின் ஈரக் காற்றிலும் வருடக்கணக்கில் கிடந்தால் ஓரம் விட்டுப்போவது இயல்பு. சரி, இரண்டு முன் கதவுக்கும் புதிதாகப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

மினிபஸ் டாக்ஸிகளுக்குப் பெரிய பெரிய சவுண்ட் சிஸ்டம் போடுகிற ஊர் இது. ஆடியோ கடைகளுக்குப் பஞ்சமில்லை, நல்ல வேலைக்காரர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் போனதும் எப்போதும் கூட்டம் இருக்கும் கடைதான். கவுண்டரில் இருந்தவர் "வணக்கம் அண்ணா" என்று வரவேற்றார், மற்றதெல்லாம் ஆங்கிலத்தில். பெயர் பெற்ற ஜப்பானிய பிராண்ட் ஒன்றின் பெட்டியைத் திறந்து ஸ்பீக்கரைக் கையில் கொடுத்தார். கனமான காந்தம், ரப்பர் விளிம்பு, நடுவில் உயர்ந்த ஒலிகளுக்கான சின்ன ட்வீட்டர். ஸ்பீக்கர் 1,650 ரேண்ட், மாட்டும் கூலி 600. பில்லில் பிராண்டும் மாடல் எண்ணும் எழுதச் சொன்னேன், எழுதினார். பிறகு என் பணத்தை மீட்டுத் தந்தது அந்த ஒரு வரிதான்.

வேலை நடக்கும் இடத்துக்குள் வாடிக்கையாளர் வரக்கூடாது, இன்சூரன்ஸ் விதி என்று சொல்லி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். முடிந்ததும் காலிப் பெட்டிகளை டிக்கியில் வைத்தார்கள். பழைய ஸ்பீக்கர்கள் எங்கே என்று கேட்டால், "குப்பையில் போட்டாச்சு அண்ணா, அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றார்கள்.

கதவு ஸ்பீக்கர் வேலையில் ஏமாற்றுவது ஏன் இவ்வளவு எளிது என்பதை இங்கே சொல்ல வேண்டும். மாட்டிய பிறகு அந்தப் பொருள் உங்கள் கண்ணில் படவே படாது. டயர் மாற்றினால் பெயரைப் படிக்கலாம், பேட்டரி மாற்றினால் பானெட்டைத் திறந்து பார்க்கலாம். ஸ்பீக்கரோ கதவின் கிரில்லுக்குப் பின்னால், கம்பெனி துணி அல்லது பிளாஸ்டிக் சல்லடைக்கு உள்ளே போய்விடும். அதைப் பார்க்க வேண்டுமானால் கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி, கிளிப்புகளை நெம்பி, டோர் பேனலையே எடுக்க வேண்டும். அதை யாரும் செய்து பார்க்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அன்று மாலையே சத்தத்தில் ஏதோ குறை தெரிந்தது. சத்தம் அதிகம், கூர்மையும் அதிகம், ஆனால் அடித்தளம் இல்லை. கச்சேரி போட்டால் மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது கூர்மையாக ஒலிக்கும் வலது பக்கம், டக் டக்கென்று கேட்கிறது; கனத்து ஒலிக்கும் இடது பக்கமான தொப்பியின் கும்கி காணோம். ஸ்டீரியோவில் பேலன்ஸை முழுக்க இடது பக்கம் திருப்பினால் தொப்பி திரும்பி வருகிறது. வலது பக்கம் திருப்பினாலும் கொஞ்சம் வருகிறது. நடுவில் வைத்தால் போய்விடுகிறது. இந்தச் சோதனையை எல்லோரும் செய்து பாருங்கள், காசு செலவில்லை. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் பிளஸ், மைனஸ் மாறிப் போயிருந்தால், ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். தாழ்ந்த ஒலிகள் காற்றிலேயே ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். ஸ்பீக்கர் கெடாது, புகையும் வராது, அதனால் பலர் இதை வருடக்கணக்கில் கவனிப்பதே இல்லை.

போன் செய்து சொன்னேன். "புது ஸ்பீக்கர் அப்படித்தான், 50 மணி நேரம் ஓடினால் பழகிவிடும்" என்றார்கள். புது ஸ்பீக்கரின் விளிம்பு ஓட ஓடச் சற்று இளகும் என்பது உண்மை. ஆனால் மாற்றிக் கொடுத்த இணைப்பு எத்தனை மணி நேரம் ஓடினாலும் தானாகத் திரும்பாது.

அப்புறம் மழை வந்தது. டர்பனின் கோடை மழை எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கண்ணாடியின் உள்பக்கமெல்லாம் பனி மூட்டம், காருக்குள் புழுங்கிய வாடை, ஓட்டுநர் பக்கத்துக் கார்ப்பெட்டை அழுத்தினால் தண்ணீர். என் மகள் முன் சீட்டில் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

திரும்ப அந்தக் கடைக்குப் போக மனமில்லை. இங்கே டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் தன் வீட்டுக் கராஜிலேயே கார் வயரிங் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் நண்பர் அனுப்பினார். அவர் முதலில் சொன்னதே, "தம்பி, போனை எடுத்து வீடியோ போடு, அப்புறம்தான் நான் ஸ்க்ரூவைத் தொடுவேன்" என்பதுதான். "சரி அங்கிள்" என்று பக்கத்திலேயே நின்று எடுத்தேன்.

பேனலைக் கழற்றியதும் தெரிந்தவை இவை. உள்ளே இருந்த ஸ்பீக்கரில் பிராண்ட் பெயரே இல்லை. காந்தம் ஒரு பிஸ்கட் அளவு. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. பெட்டியில் ரப்பர் விளிம்பு, இதில் மெல்லிய ஃபோம். காரின் ஒரிஜினல் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, கம்பிகளை வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். ஒரு டேப் ஏற்கெனவே அவிழ்ந்து தொங்கியது. பயணி பக்கத்துக் கதவில் கம்பி மாற்றி இணைக்கப்பட்டிருந்தது. அங்கிள் ஒரு சின்ன 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் தொட்டுக் காட்டினார்: பிளஸ்ஸுக்குப் பிளஸ் சரியாக இருந்தால் கூம்பு வெளியே தள்ளும். ஒரு கதவில் தள்ளியது, மற்றதில் இழுத்தது.

ஸ்பீக்கரின் வட்டம் கதவின் ஓட்டையைவிடச் சின்னது என்பதால் மரத்தூள் பலகையில் ஒரு வளையம் அறுத்து வைத்திருந்தார்கள். அது ஈரத்தில் ஊறி உப்பியிருந்தது. வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் ஃபோமோ ரப்பரோ எதுவும் இல்லை. அந்த இடைவெளி வழியாகக் கூம்பின் பின்பக்கக் காற்று முன்னால் வந்து கலந்துவிடும். தாழ்ந்த ஒலி குறைவதற்கு அது இன்னொரு காரணம்.

எனக்கு அதிகம் வலித்தது ஸ்பீக்கர் இல்லை. கதவின் உள்தகட்டின் மேல் கறுப்புப் பிசினால் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். பார்த்தால் சாதாரணத் தாள் மாதிரித்தான் தெரியும். ஆனால் மழை பெய்யும்போது கண்ணாடி வழியாக வழிகிற தண்ணீர் எல்லாக் காரிலும் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக அது வெளியே போய்விடும். அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பதே இந்தத் தாளின் வேலை. அவர்கள் அதைக் கத்தியால் கிழித்து, பார்சல் டேப் ஒட்டியிருந்தார்கள். ஈரத்தில் பார்சல் டேப் எத்தனை நாள் நிற்கும்? பொறுமையாகப் பிசினோடு உரித்து, திரும்ப அழுத்தி ஒட்டியிருந்தால் போதும். அதைக்கூடச் செய்ய அவர்களுக்கு மனம் வரவில்லை. இன்னொன்றையும் அங்கிள் சொன்னார்: சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான காற்றழுத்த சென்சார் கதவுக்குள் இருக்கும், அப்படிப்பட்ட கதவில் தாளையும் ஓட்டைகளையும் இஷ்டத்துக்கு விடுவது உயிரோடு விளையாடுவது.

எங்களுக்குத் தெரிந்த கோயில் குருக்கள் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், அதே கடையில் அதே பிராண்ட் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தவர். என் வீடியோவைப் பார்த்துவிட்டு அவருடைய காரையும் திறந்தோம். உள்ளே அதே பெயரில்லாத ஸ்பீக்கர். தட்சிணையைச் சேர்த்து வைத்துச் செலவு செய்த மனிதர் அவர். "விடுங்கோ தம்பி" என்று அவர் சொன்னாலும் என்னால் விட முடியவில்லை. இந்தப் பதிவுக்கு அவரும் ஒரு காரணம்.

இப்போது சட்டம். தென்னாப்பிரிக்காவில் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 67-ஆவது பிரிவை எல்லோரும் நினைவில் வையுங்கள். உங்கள் பொருளில் பழுது வேலை பார்ப்பவர், கழற்றிய பாகங்களைத் தனியாக எடுத்து வைத்து, சுத்தமான பையிலோ பெட்டியிலோ உங்களிடம் திருப்பித் தர வேண்டும். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால்தான் அவர் வைத்துக்கொள்ளலாம். "குப்பையில் போட்டாச்சு" என்பது அவர் எடுக்கக்கூடிய முடிவே இல்லை. 26-ஆவது பிரிவு, என்ன பொருள், என்ன விலை என்று எழுதிய பில் தரச் சொல்கிறது. 56-ஆவது பிரிவின்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதா, மாற்றா, பணமா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். சரியில்லாத வேலைக்கு 54-ஆவது பிரிவு இருக்கிறது.

கடைக்காரர் முதலில், "வேறொருவர் திறந்துவிட்டார், இனி எங்கள் பொறுப்பு இல்லை" என்றார். திறக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பில்லின் படம், பெட்டியில் இருந்த மாடல் எண், கதவுக்குள் இருந்த ஸ்பீக்கரின் படம், முழு வீடியோ எல்லாவற்றையும் வைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். மோட்டார் துறைக்கென்று இருக்கும், வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மன் அலுவலகமான மியோசாவுக்குப் புகார் போகும் என்றும் எழுதினேன். அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கர் விலையையும் கூலியையும் திருப்பித் தந்தார்கள். குருக்களுக்கும் தந்தார்கள். கிழிந்த தாள், வெட்டிய பிளக், உடைந்த கிளிப்புகள், கார்ப்பெட்டைக் கழற்றிக் காயவைத்த செலவு, காணாமல் போன பழைய ஸ்பீக்கர்கள், இவற்றுக்கு ஒரு சென்ட்கூடத் தர மறுத்துவிட்டார்கள். அதுதான் இப்போது நடக்கும் வழக்கு.

அடுத்து யாராவது இந்த வேலைக்குப் போனால், பேனலை மூடுவதற்கு முன்னால் கூப்பிடச் சொல்லுங்கள். இரண்டு கதவையும் திறந்தபடி பாருங்கள், படம் எடுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள். உங்கள் காருக்கான அடாப்டர் பிளக்கும் பிளாஸ்டிக் வளையமும் தனியாக விற்கிறார்கள், விலையும் அதிகமில்லை. அவை இருந்தால் ஒரு கம்பியையும் வெட்ட வேண்டாம். பெட்டியில் 300 வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பி அதிகப் பணம் கொடுக்காதீர்கள். காரோடு வந்த ஸ்டீரியோ ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தருவது சுமார் 15 முதல் 20 வாட்ஸ்தான். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் ஆர்எம்எஸ் அளவையும் (தொடர்ந்து தாங்கும் மின்சக்தி), டெசிபலில் தரும் சென்சிடிவிட்டியையும் (அதே மின்சக்தியில் எவ்வளவு சத்தம் தரும் என்பது) பாருங்கள். சென்சிடிவிட்டி 3 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி மின்சக்தி போதும்.

அங்கிள் புதுத் தாள் வெட்டிப் பிசின் வைத்து ஒட்டி, கம்பிகளைச் சால்டர் செய்து, ஸ்க்ராப் யார்டில் கிடைத்த ஒரிஜினல் ஸ்பீக்கர்களையே மாட்டித் தந்தார். தொப்பி கேட்கிறது, கார்ப்பெட் உலர்ந்திருக்கிறது.

மீதிப் பணத்துக்காக 14 நாள் அவகாசம் கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தேன். பதில் வராததால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போயிருக்கிறேன். 20,000 ரேண்ட் வரையான கோரிக்கைகளை அங்கே வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். அதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். கடிதத்தின் மாதிரியை அனுப்பி வைக்கிறேன், உங்கள் பில்லை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.