பார்ட் ஸ்டார் ஓடிய களம்: லாம்போ ஃபீல்ட் சுற்றுலா

விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரில், 1957-இல் திறக்கப்பட்ட லாம்போ ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கால்பந்து மைதானத்தை வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கிறது. இங்கே ஆடும் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பழைய நட்சத்திரம் பார்ட் ஸ்டாரின் ஆட்ட வாழ்க்கையை ஓரளவு தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு, கொடுக்கும் கட்டணத்துக்கு மேலாகவே இது பலன் தரும் என்பது என் கருத்து.

அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் 1956-ஆம் ஆண்டு வீரர் தேர்வின் 17-ஆவது சுற்றில், 200-ஆவது ஆளாகத்தான் பேக்கர்ஸ் அணி அவரை எடுத்தது. 1958-இல் அந்த அணி ஆடிய 12 ஆட்டங்களில் வென்றது ஒன்றே ஒன்று. மறு ஆண்டு வின்ஸ் லொம்பார்டி பயிற்சியாளராக வந்தபின், அவர் வகுத்த ஆட்டத்தைக் களத்தில் பிசகின்றி நடத்திக் காட்டும் குவாட்டர்பேக்காக (பந்தை வாங்கித் தாக்குதலை வழிநடத்தும் வீரராக) ஸ்டார் உருவெடுத்தார். 1961 முதல் 1967 வரை 5 முறை அணியை வாகை சூடவைத்ததோடு, முதல் இரண்டு சூப்பர் பவுல் இறுதிப்போட்டிகளிலும் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார்.

சுற்றுலாவில் என் மனத்தைத் தொட்டது வீரர்கள் களத்துக்குள் ஓடிவரும் சுரங்கவழி. மைதானத்தைப் புதுப்பித்தபோது, பழைய வழியின் கான்கிரீட் துண்டு ஒன்றைக் காப்பாற்றிப் புதிய தரையில் பதித்திருக்கிறார்கள். குனிந்து தொட்டுப் பார்த்தேன். தேய்ந்துபோன வெறும் தரைதான், ஆனால் ஸ்டாரின் காலணி பட்ட தரை.

அந்த வழியைக் கடந்ததும் களம் கண்முன் விரிகிறது. புல்லை மிதிக்க அனுமதியில்லை. தெற்கு முனையைத் தேடிப் பாருங்கள். 1967 டிசம்பர் 31 அன்று, சுழியத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ் குளிரில், டல்லஸ் கௌபாய்ஸுக்கு எதிராக 14-17 என்று பின்தங்கியிருந்த அணிக்கு 16 வினாடிகளே மிச்சமிருந்தன. தரைக்கடியில் போட்டிருந்த வெப்பக் கம்பிகள் பயன்படாமல் புல் பனிக்கட்டியாய் இறுகிவிட்டதால், பந்தை வாங்கி ஓடியவர் அதற்கு முந்தைய இரு முயற்சிகளிலும் வழுக்கியிருந்தார். அதனால் ஸ்டார் பந்தை யாருக்கும் கொடுக்காமல், ஜெர்ரி கிராமர் முட்டித் திறந்த இடைவெளியில் தாமே பாய்ந்து எல்லைக்கோட்டைக் கடந்தார். அந்தக் கோட்டுக்கு எஞ்சியிருந்தது ஒரு யார்டுக்கும் (சுமார் 0.9 மீட்டர்) குறைவு. அது எவ்வளவு சிறிய தூரம் என்பது நேரில் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

அதே வளாகத்திலுள்ள பேக்கர்ஸ் அருங்காட்சியகத்தில் 4 சூப்பர் பவுல் கோப்பைகள் இருக்கின்றன. எனக்கு அவற்றைவிட, மீட்டமைக்கப்பட்ட லொம்பார்டியின் அலுவலக அறைதான் பிடித்திருந்தது. ஸ்டாரை வார்த்தெடுத்த மனிதரின் மேசை அல்லவா! சுரங்கவழியை முதலில் பார்த்துவிட்டு, அருங்காட்சியகத்துக்குப் பிறகு செல்லுங்கள். அங்கே அவசரப்படாமல் 2 மணி நேரமாவது ஒதுக்குங்கள்.