செவெல்லில் 275 டயர்: இடது பக்கம் தங்கம், வலது பக்கம் தகராறு

நண்பர் ஒருவர் போன மாதம் 1971 செவெல் (செவர்லே கம்பெனியின் பழைய அமெரிக்க கார்) ஒன்றை வாங்கினார். வாங்கிய மறுநாளே போன். "அண்ணா, உங்க வண்டியில என்ன வீல், என்ன டயர்? சைஸ் மட்டும் சொல்லுங்க, அதையே ஆர்டர் போட்டுடறேன்." சைஸ் சொல்ல ஒரு நிமிடம் போதும். என்னுடையது 1970 மாலிபு, அதுவும் செவெல்தான், 350 கன இன்ச் எஞ்சின். முன்னால் 15×7 வீல் (15 இன்ச் விட்டம், 7 இன்ச் அகலம்), 4 இன்ச் பேக்ஸ்பேசிங் (வீலின் உள்விளிம்பிலிருந்து அது மாட்டும் முகம் வரை உள்ள தூரம்), 235/60ஆர்15 டயர் (235 மி.மீ. அகலம், சுவர் உயரம் அதில் 60 சதவீதம்). பின்னால் 15×8 வீல், 4½ இன்ச் பேக்ஸ்பேசிங், 275/60ஆர்15. ஆனால் இதை அப்படியே வாங்கி மாட்டிவிடாதே என்று சொல்ல ஆரம்பித்தவன், போனை வைக்க ரொம்ப நேரம் ஆகிவிட்டது. இதே சைஸைத் தேடுகிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் குறை. இத்தனை வருடமாக என் மண்டையைக் குடைவது அது ஒன்றுதான். வலது பின் சக்கரம் உரசுகிறது. எப்போதும் இல்லை, நான் தனியாக ஓட்டினால் சத்தமே கிடையாது. பின் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து, வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி எழுந்தால், டயரின் வெளிப்பக்கச் சுவர் ஃபெண்டரின் உள்மடிப்பைத் தொடும். கோணிப்பையைச் சிமென்ட் தரையில் இழுத்தது போல ஒரு 'சர்ர்ர்'. அரை நொடிதான். போன கோடையில் கோவையிலிருந்து வந்திருந்த மாமனார் மாமியாரைப் மிச்சிகனில் பான்டியாக் ஊரின் பராசக்தி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். (1964 ஜி.டி.ஓ காரை இறக்கி இந்தப் பெரிய எஞ்சின் மசில் கார் பைத்தியத்தையே கிளப்பிவிட்ட பான்டியாக் கம்பெனியின் ஊர். அங்கே வேறு எந்த வண்டியில் போவது?) உட்வர்ட் அவென்யூவில் ஒட்டுப்போட்ட இடம் வந்தபோதெல்லாம் ஒரு சர்ர்ர். மாமனார் கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம், "மாப்பிள்ளை, பின்னாடி என்னமோ உரசுதுங்களே, நிறுத்திப் பாக்கலாமுங்களா?" என்றார். கோயில் வரும்வரை விளக்கம் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

எரிச்சல் எங்கே என்றால், இடது பக்கம் அதே வீல், அதே டயர், அதே பேக்ஸ்பேசிங். அந்தப் பக்கம் எத்தனை பேர் ஏறினாலும் ஒரு சத்தம் கிடையாது. வலதில் ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, இடதைவிடக் கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் மேலேயே குறைவு. வீல் மேல் தப்பில்லை, டயர் மேலும் தப்பில்லை. அந்தக் காலத்து வண்டி அப்படி. பாடியை ஃபிரேமில் உட்கார வைக்கும்போது இப்படி அப்படி நகர்ந்திருந்தால் யாரும் கவலைப்படவில்லை. கவலைப்படவும் தேவை இருக்கவில்லை. செவெல்லின் ஸ்போர்ட்ஸ் மாடலான எஸ்எஸ் 396-க்கே தொழிற்சாலை கொடுத்தது 14×7 வீலும் எஃப்70-14 டயரும்தான். அதில் 70 என்பது சுவர் உயரத்தின் விகிதம், 14 ரிம்மின் விட்டம். இன்றைய கணக்கில் 215/70-க்கும் 225/70-க்கும் பக்கத்தில் வரும். அந்த டயருக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்தது, கோணல் கண்ணில் படவில்லை. 275 போட்டதும் படுகிறது.

அதனால்தான் நண்பரிடம் முதலில் அளக்கச் சொன்னேன். பேக்ஸ்பேசிங் என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வீலைக் குப்புறப் போட்டு, உள்விளிம்பின் மேல் ஒரு நேர்ச்சட்டத்தைக் குறுக்காக வைத்து, அங்கிருந்து பிரேக் டிரம்மில் போய் உட்காரும் முகம் வரைக்கும் அளந்தால் வருவது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. 8 இன்ச் வீல் என்றால் டயர் உட்காரும் இடத்துக்குத்தான் 8. விளிம்போடு விளிம்பு அளந்தால் கிட்டத்தட்ட 9 வரும். ஆகவே 8 இன்ச் வீலுக்கு 4½ என்பது நட்டநடு. அதைவிடக் குறைந்தால் சக்கரம் வெளியே வந்து ஃபெண்டரைத் தேடும், கூடினால் உள்ளே போய் ஃபிரேமைத் தேடும்.

வண்டியை அளக்கும்போது பாடியை ஜாக்கியில் தொங்கவிட்டு அளந்தால் அந்த எண் குப்பைக்குத்தான் போகும். ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, எடை முழுவதும் ஸ்பிரிங்கில் இறங்கியிருக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஃபெண்டர் மடிப்பிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். டிரம் முகத்திலிருந்து நூல் வரை ஓர் அளவு, அதே முகத்திலிருந்து உள்பக்கம் முதலில் எது இடிக்குமோ அது வரை இன்னோர் அளவு. இரண்டையும் மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்தந்த ஃபெண்டரிலேயே ஒட்டிவிடுவேன். காகிதத்தில் எழுதினால் இடது எது வலது எது என்று சாயங்காலம் சண்டை வரும். செவெல்லின் பின் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருப்பது சாய்வாக வைத்த இரண்டு மேல் கைகளும் அவற்றின் ரப்பர் புஷ்களும்தான். வளைவில் அது கொஞ்சம் நெளியும். அளவில் சரியாக நுழைகிறது என்பதற்காக விட்டுவிட முடியாது, நெளிவதற்கும் இடம் வேண்டும்.

நண்பரின் வண்டியில் முந்தைய ஓனர் முன்பக்கம் டிஸ்க் பிரேக் கிட் மாட்டியிருக்கிறார். சில கிட்கள் சக்கரத்தையே வெளியே தள்ளிவிடும். அப்புறம் என் 4 இன்ச் அவருக்கு எதற்கு உதவும்? போல்ட் வட்டமும் (போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) அப்படித்தான். செவெல்லுக்கு 5 போல்ட், 4¾ இன்ச். ஃபோர்டு மஸ்டாங்குக்கு 4½. கால் இன்ச்தானே என்று யாராவது பழைய வீல் செட்டை விலை குறைத்துத் தந்தால் வாங்க வேண்டாம். ஒரு போல்ட்டின் நடுவிலிருந்து, ஒன்றை விட்டு அடுத்த போல்ட்டின் தூர விளிம்பு வரை டேப் வைத்தால் போதும், தெரிந்துவிடும்.

ஆன்லைனில் வீல் விற்கும் கடை ஒன்றில் என் வண்டியின் வருடம், மாடல் போட்டால் 'கட்டாயம் பொருந்தும்' என்று பச்சை டிக் வருகிறது. வலது பக்கக் கதையை எழுதிக் கேட்டேன். எங்கள் பட்டியல்படி பொருந்தும் என்று மறுபடியும் அதே பதில். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஐம்பது வருடப் பழைய வண்டியை, அதுவும் எத்தனை தடவை பிரித்து மாட்டியதோ, பட்டியலில் எப்படி அடக்குவது? ஆனால் அந்தப் பச்சை டிக்கைப் பார்த்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். ஃபெண்டர் மடிப்பை ஹீட் கன்னால் சூடாக்கி ரோலரால் உள்ளே மடக்கிவிடு என்பது ஒன்று. மடங்கும், பெயிண்ட் வெடிக்காது என்று யார் உத்தரவாதம் தருவது? வலது பக்கத்துக்கு மட்டும் பேக்ஸ்பேசிங் கூட்டி வாங்கு என்பது இன்னொன்று. இரும்பு வீல் என்றால் கேட்ட அளவுக்குச் செய்து தருவார்கள். எனக்குப் பிடித்த ஐந்து ஆரக் காஸ்டிங் வீல் 8 இன்ச்சில் 4½-ல்தான் கிடைக்கிறது. மூன்றாவது, எல்லோரும் சொல்வது: 255/60 போட்டுவிடு, பிரச்சினை தீர்ந்தது. தீரும். அது எனக்கும் தெரியும். 255-ன் உயரம் 27 இன்ச், 275-ன் உயரம் 28. அந்த ஒரு இன்ச்சும் கூடுதல் அகலமும் பின்னாலிருந்து பார்க்கும்போது என்ன செய்கின்றன என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. தொழிற்சாலை டயரைவிட உயரம் என்பதால் ஸ்பீடோமீட்டர் மட்டும் பொய் சொல்லும். முள் 60-ல் நிற்கும்போது வண்டி 64-ல் ஓடும். கியர்பாக்ஸில் கேபிள் சொருகும் இடத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றினால் சரியாகிவிடும், செலவும் அதிகமில்லை.

முன் டயர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒடித்துத் திருப்பினாலும் எங்கும் தொடுவதில்லை. அலாய் வீல் என்பதால் மாட்டிய பிறகு ஐம்பது, நூறு மைல் ஓட்டிவிட்டு நட்டுகளை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் மறுபடி பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

எதிர்பாராத சந்தோஷம் சொகுசு. 275/60-ல் சுவர் மட்டும் ஆறரை இன்ச் உயரம். உப்பும் பனியும் தின்ற மிச்சிகன் ரோடுகளில் ஏப்ரல் மாதம் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். தெருவில் ஒருவர் 20 இன்ச் ரிம்மில் லோ-புரொஃபைல் டயர் போட்டு, ஒரே பள்ளத்தில் ரிம்மை வளைத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். அதே பள்ளத்தில் செவெல் 'தொப்' என்று இறங்கி எழுந்து போய்விட்டது. சர்ர்ர் உண்டு, சரி. ரிம்முக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனாலும் பிடிமானம் என்று பார்த்தால் 15 இன்ச் உலகம் ஏழை உலகம். பக்கச் சுவரில் வெள்ளை எழுத்து போட்ட டயர்களில் பல எஸ் ரேட்டிங், அதாவது 180 கிலோமீட்டர் வேகம் வரைதான். 17, 18 இன்ச்சுக்கு வந்தால் டபிள்யூ, ஒய் என்று இன்னும் அதிக வேகம் தாங்கும் நல்ல கோடைக்கால டயர்கள் வரிசையாக நிற்கின்றன. மழையில் பிரேக் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் காலில் தெரியும். அந்த வெள்ளை எழுத்தும் ஒரு தொல்லை. புதிதில் மேலே நீலப் பூச்சு இருக்கும். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் பளிச்சென்று வெள்ளை வரும். கொஞ்ச நாளில் ரப்பருக்குள் இருக்கும் பாதுகாப்பு ரசாயனம் மேலே கசிந்து எழுத்தெல்லாம் டீக்கறை நிறம். பிரஷ் எடுத்து உட்கார வேண்டியதுதான்.

இன்னொன்று, இந்த டயர்கள் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகின்றன. குளிர்காலம் முழுக்க வண்டி கராஜில். டயரின் வரிப்பள்ளங்கள் புதிது போலவே ஆழமாக இருக்கின்றன, நகத்தால் அழுத்தினால் ரப்பர் கல்லாக இருக்கிறது. பக்கச் சுவரில் இருக்கும் டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள்: 2316 என்றால் 2016-ன் 23-வது வாரம். பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள் என்று டயர் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். விற்காமல் கிடந்த பழைய டயரைக் கடையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மாட்டுவதற்கு முன்னாலேயே அந்த எண்ணைப் பாருங்கள்.

ஆகவே நண்பருக்கு என் யோசனை: 17 இன்ச் வீல், பின்னால் மிதமான அகலம், நல்ல கோடைக்கால டயர். மழையில் நிற்கும், தேர்வும் நிறைய. 15தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 255, அதற்கு மேல் வேண்டாம். 275-ஐ நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

என் செட்டுக்கும் வயதாகிவிட்டது. போன வாரம் விலை இறங்கியிருந்தது, புதிதாக நான்கு டயர் ஆர்டர் போட்டுவிட்டேன். முன்னால் 235, பின்னால் 275. மாமனார் மாமியார் அடுத்த கோடையில் வந்தால் கோயிலுக்கு மனைவியின் வண்டியில் போய்க்கொள்கிறோம்.