யோரோனாவா, முலாத்தாவா: எந்தக் கதையைச் சொல்லலாம்?

மெக்ஸிகோ கதைகளில் வலுவான பெண் ஒருத்தியைப் பற்றிச் சொல்லணும் என்றால் பலரும் இந்த இரண்டில்தான் வந்து நிற்பார்கள்.

ஆள் யார்?
லா யோரோனா: பெற்ற பிள்ளைகளைத் தானே தண்ணீரில் மூழ்கடித்துவிட்டு, ராத்திரியில் ‘ஐயோ, என் பிள்ளைகளே’ என்று அழுதபடி ஆற்றங்கரையில் அலைபவள்.
கோர்தோபாவின் முலாத்தா: கோர்தோபா என்பது மெக்ஸிகோவில் ஒரு ஊர், முலாத்தா என்றால் கறுப்பரும் வெள்ளையரும் கலந்த வம்சத்துப் பெண். மூலிகையும் மந்திரமும் தெரிந்தவள். சூனியக்காரி என்று சொல்லி, வெராக்ரூஸ் கரையில் இருக்கும் சான் ஹுவான் தே உலுவா கோட்டையில் அடைத்தார்கள்.

பழமை?
யோரோனாவுக்கு வேர் ஆழம். ஸ்பானியர் வருவதற்கு முன் தென்பட்டதாகச் சொல்லப்படும் கெட்ட சகுனங்களில், இரவில் பிள்ளைகளை நினைத்து அழும் பெண்குரலும் ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் சஹாகுன் என்ற ஸ்பானியப் பாதிரியார் அதைப் பதிவு செய்திருக்கிறார். சிவாகோவாட்ல் என்ற அஸ்டெக் (ஸ்பானியருக்கு முன் அங்கே ஆண்ட மக்கள்) பெண் தெய்வத்தோடு அவளைச் சேர்த்துப் பேசுவதும் இதனால்தான்.
முலாத்தா, காலனி காலத்துக் கதை.

முடிவு?
யோரோனாவுக்கு விடிவே இல்லை.
முலாத்தா சிறைச் சுவரில் கரித்துண்டால் ஒரு கப்பலை வரைகிறாள், பாய்மரம், கயிறு எல்லாம் வரைந்துவிட்டு, ‘இதில் என்ன குறை?’ என்று காவலனைக் கேட்கிறாள். ‘நகர வேண்டியதுதான் பாக்கி’ என்கிறான் அவன். சரி என்று அதில் ஏறிப் போயே விடுகிறாள்! (கையில் கரியைக் கொடுத்தது யாரோ.)

சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், முலாத்தாதான். பெரியவர்கள் கூடி, தெய்வம் எப்படிப் பேயாக மாறியது என்று பேச வேண்டுமென்றால் யோரோனா.