டாலஸ் பக்கம் பேஸ்மென்ட்டுடன் (தரைக்குக் கீழே அமையும் தளத்துடன்) வீடு கட்டித் தருவதாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

அமெரிக்காவின் வடமாநிலங்களிலிருந்து டெக்சாஸுக்குக் குடிபெயரும் நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். டாலஸுக்கு வடக்கே மனை வாங்கி வீடு கட்ட முனைந்த எங்களிடம், "சிகாகோவில் உங்களுக்கு இருந்த மாதிரி பேஸ்மென்ட்டை இங்கேயும் கட்டித் தருகிறோம், மற்றவர்கள் கட்டாததற்குச் செலவுக்குப் பயப்படுவதுதான் காரணம்" என்று ஒரு சிறிய கட்டுமான நிறுவனம் உறுதி கூறியது. அதற்கெனத் தனியாகப் பெருந்தொகையும் வாங்கிக்கொண்டது. அடுத்த வசந்தகால மழையிலேயே சுவர் வெடித்து நீர் கசியும் ஓர் அறைதான் எங்களுக்குக் கிடைத்தது.

அவர்கள் சொன்ன காரணம் உண்மையல்ல. குளிர்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து விரிவடையும்போது அதன் மீதிருக்கும் அஸ்திவாரத்தையும் தூக்கிவிடும் என்பதால், சிகாகோவில் அஸ்திவாரத்தின் அடிப்பகுதி தரைமட்டத்திலிருந்து குறைந்தது 42 அங்குலம் கீழே அமைய வேண்டும். மினசோட்டாவின் வடபகுதியில் இதுவே 60 அங்குலம். எப்படியும் மூன்றரை முதல் ஐந்து அடி வரை தோண்டியாக வேண்டிய ஊரில் இன்னும் சில அடி தோண்டினால் ஒரு முழுத் தளமே கிடைத்துவிடுவதால், அங்கே பேஸ்மென்ட் பரவலாகக் காணப்படுகிறது. டாலஸின் குளிர் மண்ணுக்குள் அவ்வளவு ஆழம் இறங்குவதில்லை. ஆகவே தரையை ஒட்டியே கான்கிரீட் தளம் வார்த்து, அதனுள் ஓடும் எஃகு வடங்களை இழுத்து இறுக்கி, அதன் மேல் வீட்டை எழுப்புகிறார்கள்.

தேவை இல்லை என்பதைவிடப் பெரிய தடை மண்தான். டாலஸிலிருந்து சான் அன்டோனியோ வரை நீளும் கரும்புல்வெளிப் பகுதியின் களிமண், நம் கோவில்பட்டிக் கரிசலின் இனத்தைச் சேர்ந்தது. கோடையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும் அந்த மண், மழை பெய்ததும் நீரைக் குடித்து உப்பிவிடும். மண்ணின் மேல் கிடக்கும் தளத்துக்கே அது தொல்லை என்றால், மண்ணுக்குள் நிற்கும் சுவரோ நாற்புறமும் அந்த நெருக்குதலைத் தாங்கியாக வேண்டும். ஹூஸ்டனிலும் நியூ ஆர்லியன்ஸிலும் நிலத்தடி நீர் மிக மேலேயே நிற்பதால் தோண்டிய குழியே குளமாகிவிடும். சுழற்காற்றுக்குப் பெயர்போன, பதுங்க நிலத்தடி அறை உதவக்கூடிய ஓக்லஹோமாவில்கூடப் பெரும்பாலான வீடுகளுக்கு பேஸ்மென்ட் கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால், இது ஆசையோ சிக்கனமோ சார்ந்த விஷயமல்ல என்பது விளங்கும்.

டாலஸில் பேஸ்மென்ட் கட்டவே முடியாது என்று நான் கூறவில்லை. மனையில் துளையிட்டு மண்ணைச் சோதித்து, அந்த முடிவுகளுக்கு ஏற்பச் சுவரை வடிவமைத்து, சுற்றிலும் களிமண்ணுக்குப் பதிலாகச் சல்லியை நிரப்பி, அடியில் நீரை வடிக்கும் துளைக் குழாயும் நீரிறைக்கும் பம்பும் வைத்துக் கட்டினால் நிற்கும். எங்கள் ஒப்பந்தத்தில் இவை அனைத்தும் எழுதப்பட்டிருந்தன, பணமும் இவை அனைத்துக்கும்தான் கொடுத்தோம். மண் ஆய்வறிக்கையைப் பலமுறை கேட்டும், கான்கிரீட் வார்த்து முடித்த பிறகுதான் அனுப்பினார்கள். அதன் வரைபடத்தில் துளையிட்ட இடமாகக் குறிக்கப்பட்டிருந்தது வேறு யாருடைய மனையோ.

மழைக்குப் பிறகு நீண்ட சுவரின் நடு உயரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிடைமட்டமாக ஒரு வெடிப்பு ஓடியது. நூல் பிடித்துப் பார்த்தபோது சுவர் உட்புறமாக வளைந்திருந்தது. வெடிப்பின் கீழே உப்புப் பூத்து, தரைவிரிப்பு நனைந்து நாற்றமெடுத்தது. நாங்கள் சொந்தச் செலவில் அமர்த்திய பொறியாளர் வெளிப்புறத்தில் ஓரிடத்தில் தோண்டச் செய்தார். சல்லி இருக்க வேண்டிய இடத்தில், குழியிலிருந்து எடுத்த அதே கறுப்புக் களிமண்ணைத் திரும்பக் கொட்டி மூடியிருந்தார்கள். நீர்த்தடுப்புச் சவ்வு என்று கணக்கில் காட்டியிருந்தது, மண்ணின் ஈரக்கசிவை ஓரளவு மட்டுமே தடுக்கும் தார்ப்பூச்சு. துளைக் குழாய் பாதிச் சுவரோடு நின்றிருந்தது.

உத்தரவாதத்தைக் காட்டிக் கேட்டபோது, "மண்ணின் அசைவால் ஏற்படும் சேதம் இதில் அடங்காது" என்ற வரியை எடுத்துக் காட்டினார்கள். மண் அசையும் என்பது தெரிந்துதானே கூடுதல் பணம் வாங்கினார்கள்? காப்பீடும் கைகொடுக்கவில்லை. சாதாரண வீட்டுக் காப்பீடு நிலத்தடி நீர்க் கசிவை ஏற்பதில்லை. கூட்டாட்சி அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் பேஸ்மென்ட்டின் சுவர்ப் பூச்சு அலங்காரங்களையும் தரைவிரிப்பையும் அங்கே வைத்த பொருள்களையும் விலக்கியே வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். டெக்சாஸில் பொதுக் கட்டுமான ஒப்பந்ததாரருக்கு மாநில அளவில் உரிமம் கிடையாது. ஆகவே "உரிமத்தை ரத்து செய்யுங்கள்" என்று போய் நிற்க ஓர் அலுவலகமும் இல்லை. வழக்குத் தொடர 60 நாட்களுக்கு முன்பே குறைகளை விவரித்து எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். நாங்கள் பதிவுத் தபாலில் அனுப்பிய அறிவிப்பு, அலுவலகம் காலி செய்யப்பட்டதாகத் திரும்பி வந்தது. அதே ஆட்கள் வேறு பெயரில், எங்களுக்குக் காட்டிய அதே மாதிரிப் படங்களுடன் இப்போதும் விளம்பரம் செய்கிறார்கள். ஆகவே நிறுவனத்தின் பெயரை மட்டும் விசாரித்துவிட்டுக் கையெழுத்திடாதீர்கள். மாநில வரித்துறையின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடி, அந்த நிறுவனத்தின் பொறுப்பாளர்கள் யார் என்று பாருங்கள், அந்த ஆட்களின் பெயரில் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். மண் ஆய்வாளரை நீங்களே அமர்த்துங்கள். குழியை மூடும் நாளன்று உங்கள் பொறியாளர் அங்கே நிற்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அதற்கு மறுப்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.