கிலோமீட்டரா, மாதமா, மணிக் கணக்கா: புது காருக்கு ஆயில் மாற்றும் நேரம்

நானும் என் மைத்துனனும் ஒரே மாதத்தில் ஒரே மாடல் கார் வாங்கினோம். 1.2 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது, கையால் கியர் போடும் வண்டி. அவன் விற்பனைப் பிரிவில் இருப்பவன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திருச்சி போய்வருவான், நடுவில் விழுப்புரம், வேலூர் என்று அலைச்சல். எனக்கோ மடிப்பாக்கம் வீடு, மகளின் பள்ளி, அங்கிருந்து கிண்டியில் அலுவலகம், மாலையில் அதே வழி. வாரக் கடைசியில் தி.நகர் அல்லது பெசன்ட் நகர். மாதம் 700 கிலோமீட்டர் தேறினால் அதிகம்.

ஆறாவது மாத இலவச சர்வீஸுக்கு விட்டபோது என் காரில் 4,140 கி.மீ. ஓடியிருந்தது. ஆயில் மாற்றச் சொன்னேன். சர்வீஸ் சென்டரில் இருந்தவர் மீட்டரைப் பார்த்துவிட்டு, “இன்னும் அஞ்சாயிரம் கூட வரல சார், பத்தாயிரத்துல பார்த்துக்கலாம்” என்றார். மைத்துனனும் போனில் அதையே சொன்னான்: “எதுக்கு மாமா காசை வீணாக்குறீங்க? நானே பத்தாயிரத்துக்குத்தான் மாத்தப்போறேன்.” நான் பிடிவாதமாக மாற்றிவிட்டுத்தான் வந்தேன். அது ஏன் சரி என்று நினைக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்த அலசல்.

புது கார் வைத்திருப்பவருக்கு ஆயில் மாற்றும் நேரத்தைக் கண்டுபிடிக்க ஐந்து வழிகள் இருக்கின்றன: ஓடிய கிலோமீட்டர், கழிந்த மாதம், சர்வீஸை நினைவூட்ட டாஷ்போர்டில் வரும் ஸ்பானர் படம், ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பது, இன்ஜின் ஓடிய மணி நேரம். கடைசி வழியைக் கார்க்காரர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. நான் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

கிலோமீட்டரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் 10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது என்று கையேட்டில் போட்டிருக்கும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இது நல்ல கணக்கு. மைத்துனன் காருக்கு இதைவிட எளிமையான வழி இல்லை.

டிப்ஸ்டிக்கைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உருவி, விரலில் தொட்டு, “கறுத்துப்போச்சு, மாத்திடலாம்” என்று சொல்வார்கள். நிறத்தை வைத்து ஆயிலின் ஆயுளைச் சொல்ல முடியாது. அழுக்கைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. அதற்கான வேதிப்பொருளைச் சேர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். டீசல் காரில் புது ஆயிலே சீக்கிரம் கறுத்துவிடும், காரணம் புகைக்கரி. ஆனால் அளவு பார்க்க டிப்ஸ்டிக்கைப் போல வேறொன்றில்லை. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் விட்டு, துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தால் இரண்டு குறிகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை பார்க்கிறேன். புது இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கலாம் என்பதால் முதல் வருடத்தில் இது அவசியம் என்றே சொல்வேன். அளவு குறைவதைப் போலவே கூடுவதும் கவனிக்க வேண்டிய விஷயம், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

டாஷ்போர்டு நினைவூட்டல் விஷயத்தில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒருவகை உண்மையிலேயே கணக்குப் போடுவது. ஜெனரல் மோட்டார்ஸ் 1980களின் இறுதியிலேயே இதை அமெரிக்காவில் கொண்டுவந்துவிட்டது. இன்ஜின் எத்தனை முறை சுற்றியது, ஆயில் எவ்வளவு சூட்டில் வேலை செய்தது என்பதையெல்லாம் வைத்து மிச்ச ஆயுளைச் சதவீதமாகக் காட்டும். இன்னொரு வகை வெறும் கவுன்ட்டர். சர்வீஸ் முடிந்ததும் 10,000, 365 நாள் என்று வைத்துவிடுவார்கள், அது பின்னோக்கி எண்ணிக்கொண்டே வரும். நம்மூரில் பத்து லட்சத்துக்குக் கீழே இருக்கும் கார்களில் நான் பார்த்தவை எல்லாம் இரண்டாவது வகைதான். உங்களுடையது எது என்று தெரிய ஒரு வழி: 500 கி.மீ. ஓட்டியதும் அதில் சரியாக 500 குறைந்திருந்தால் அது கவுன்ட்டர். அது காட்டுவது கிலோமீட்டர்க் கணக்கையேதான், படமாகக் காட்டுகிறது என்பது மட்டும் வித்தியாசம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆயில் கேன் போன்ற சிவப்பு விளக்கு இதில் சேராது. இன்ஜின் ஓடும்போது அது எரிந்தால் ஆயில் அழுத்தம் போய்விட்டது என்று அர்த்தம். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். அடுத்த வாரம் சர்வீஸுக்கு விடலாம் என்று ஓட்டினால் இன்ஜினையே இறக்க வேண்டி வரும்.

இனி மணிக் கணக்கு. திண்டிவனம் பக்கம் என் சித்தப்பாவிடம் டிராக்டர் இருக்கிறது. “எவ்வளவு ஓடியிருக்கு சித்தப்பா?” என்று கேட்டால் அவர் கிலோமீட்டர் சொல்லமாட்டார், “ரெண்டாயிரத்து நானூறு ஹவர்” என்பார். டிராக்டரில் ஹவர் மீட்டர்தான் உண்டு. 250 மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் ஆயில் மாற்றுகிறார். ஜெனரேட்டர், ஜே.சி.பி. எல்லாவற்றுக்கும் இப்படித்தான். நின்ற இடத்திலேயே உழைக்கும் இன்ஜினுக்குச் சக்கரம் எவ்வளவு சுற்றியது என்பது பொருட்டே இல்லை. மேடவாக்கம் சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை தொடங்கியதிலிருந்து நம் கார்களும் அப்படித்தான் ஆகிவிட்டன. கத்திப்பாரா ஏறுவதற்கு முன் இருபது நிமிடம் முதல் கியரிலேயே நகர்கிறேன். அந்த இருபது நிமிடமும் இன்ஜின் சுற்றுகிறது, ஏ.சி. இழுக்கிறது, முன்னாலிருந்து காற்று வராமல் பானெட்டுக்குள் சூடு ஏறுகிறது, எரிந்த வாயு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலந்துகொண்டே இருக்கிறது. ஓடோமீட்டரில் மட்டும் ஒரு கிலோமீட்டர்தான் ஏறியிருக்கும்.

காரில் ஹவர் மீட்டர் இல்லையே என்றால், அதற்குப் பதில் சராசரி வேகம் இருக்கிறது. ஜீரோ செய்த இடத்திலிருந்து ஓடிய தூரத்தைக் காட்டும் டிரிப் மீட்டரோடு பல புது கார்களில் அதுவும் வருகிறது. ஓடிய தூரத்தைச் சராசரி வேகத்தால் வகுத்தால் மணி வந்துவிடும். என் கார் ஆறு மாதத்தில் 4,140 கி.மீ., சராசரி 14. அப்படியானால் 296 மணி நேரம். மைத்துனன் கார் ஏழாவது மாதத்தில் 10,000ஐத் தொட்டது, சராசரி 52. அது 192 மணி நேரம். அவன் தூரத்தில் பாதிகூட ஓடாத என் இன்ஜின், அவனுடையதைவிட ஒன்றரை மடங்கு நேரம் வேலை செய்திருக்கிறது. கணக்குப் போட்டு அனுப்பியதும் கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், “ஆமா மாமா” என்று மட்டும் வந்தது.

சரி, எத்தனை மணி நேரத்தில் மாற்றுவது? எந்தக் கார் கம்பெனியும் எனக்கு இந்த எண்ணைக் கொடுக்கவில்லை, நானே போட்ட கணக்கு இது. என் கையேட்டின் பின்பக்கத்தில், பலர் புரட்டாத இடத்தில், இரண்டாவது அட்டவணை ஒன்று இருக்கிறது: கடினச் சூழல். நெரிசலில் நின்று நின்று ஓட்டுவது, குறுகிய தூரம் மட்டுமே ஓட்டுவது, தூசி, கடும் வெயில் எல்லாம் அதில் வருகின்றன. சென்னையில் கார் வைத்திருப்பவருக்கு இதில் எது பொருந்தாது? அந்த அட்டவணையில் இடைவெளி பாதி: 5,000 கி.மீ. அல்லது 6 மாதம். நெரிசலில் 16 கி.மீ. சராசரியில் 5,000 ஓடினால் சுமார் 312 மணி நேரம். சாதாரண அட்டவணையின் 10,000ஐ ஊரும் நெடுஞ்சாலையும் கலந்து 33 கி.மீ. சராசரியில் ஓடினால் சுமார் 303 மணி நேரம். இரண்டு அட்டவணைகளும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் வந்து நிற்கின்றன. அதனால்தான் 300 மணி என்று வைத்துக்கொண்டேன்.

சும்மா நின்று ஓடும் ஒரு மணி நேரமும் 100 கி.மீ. வேகத்தில் ஓடும் ஒரு மணி நேரமும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றில்லை. நிற்கும்போது சுமை குறைவு, இன்ஜின் சுற்றும் வேகமும் குறைவு. ஆகவே மணிக் கணக்கு நகரத்து இன்ஜினைக் கொஞ்சம் அதிகமாகவே தண்டிக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தவறு எந்தப் பக்கம் நடந்தால் பரவாயில்லை என்று பாருங்கள். ஆயில், ஃபில்டர், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்டின் வாஷர், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஆயில் கெட்டியாகிக் கசடு படிந்த இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்ய ஆகும் செலவு இதைப் போல் பல மடங்கு. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: மணிக் கணக்கை இடைவெளியைக் குறைக்க மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். மைத்துனன் 192 மணிதானே ஆகியிருக்கிறது என்று 15,000 வரை இழுக்கக் கூடாது. கையேட்டில் உள்ள கிலோமீட்டரும் மாதமும் தாண்டக் கூடாத கோடுகள், வாரண்டியும் அவற்றோடுதான் கட்டப்பட்டிருக்கிறது.

மாதக் கணக்கு யாருக்கு? பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. அவர் கார் வருடத்துக்கு 1,100 கி.மீ.தான் ஓடுகிறது. தினம் கோயில், காய்கறிக் கடை, எல்லாம் ஒரு கிலோமீட்டருக்குள். மணிக் கணக்கில் அவருக்கு நூறுகூட வராது, ஆனால் எங்கள் தெருவிலேயே அதிகம் சிரமப்படும் ஆயில் அவருடையதுதான். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் அதிகமாகப் போகும், முழுதாக எரியாததில் கொஞ்சம் ஆயிலுக்கு இறங்கும், எரிவதில் உண்டாகும் நீராவியும் உள்ளே தங்கும். ஆயில் நன்றாகச் சூடேறி இவை ஆவியாகப் பிரியும் முன்பே அவர் வண்டியை நிறுத்திவிடுகிறார். போன டிசம்பரில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். மூடியின் அடியில் மோர்க்குழம்பு நிறத்தில் ஒரு படலம். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்குறியைத் தாண்டி நின்றது, முகர்ந்தால் பெட்ரோல் வாடை. ஆயில் அளவு தானாக ஏறாது, ஏறியிருந்தால் வேறு ஏதோ கலந்திருக்கிறது. “தம்பி, ரெண்டாயிரம்கூட ஓடலையேப்பா” என்று அவர் கவலைப்பட்டார். அவருக்கு நான் சொன்னது 6 மாதம், கூடவே மாதம் ஒருமுறையாவது ஈ.சி.ஆரில் முட்டுக்காடு வரை ஒரு ஓட்டம்.

மழைக்காலம் எல்லாக் கணக்கையும் ஓரம்கட்டிவிடும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் கார்கள் மூழ்கியதை நாம் பார்த்தோம். அந்த பயத்தில்தான் 2024 அக்டோபரில் மழை அறிவிப்பு வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தினார்கள். தண்ணீர் இன்ஜினுக்குள் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி போல இருந்தால், நேற்றுதான் மாற்றினேன் என்றாலும் இன்று மறுபடி மாற்ற வேண்டும்.

முதல் 1,000 கி.மீ.யிலேயே ஆயில் மாற்ற வேண்டும் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். புது இன்ஜினில் தேயும் இரும்புத் துகளை நினைத்துச் சொல்வது அது. என் கையேடு கேட்கவில்லை, நானும் மாற்றவில்லை. மாற்றியவர்களைத் தவறு என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை, நான் புதிதாக வாங்கிய கார் இது ஒன்றுதான். டீசலும் டர்போ பெட்ரோலும் நான் வைத்திருந்ததில்லை. அவற்றில் என் 300ஐ அப்படியே போடாமல் கையேட்டின் கடினச் சூழல் அட்டவணையைப் பின்பற்றுவது நல்லது. ஹைபிரிட் காரிலும் இந்த வகுத்தல் கணக்கு பொருந்தாது. சிக்னலில் இன்ஜின் அணைந்திருக்கும், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டிரிப் மீட்டரில் ஏ, பி என்று இரண்டு இருந்தால், ஆயில் மாற்றிய அன்றே டிரிப் பி-யை ஜீரோ செய்துவிடுங்கள், பெட்ரோல் போடும்போதெல்லாம் டிரிப் ஏ-யைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பெட்ரோல் போட்டதும் சராசரி வேகம் தானாக அழிந்துவிடும்படி சில கார்களில் அமைப்பு இருக்கும், அதைச் செட்டிங்கில் மாற்றிவிடுங்கள். பில்லில் கையேடு சொல்லும் அதே கிரேடு (ஆயிலின் தடிப்பைக் குறிக்கும் எண்), என் காருக்கு 0டபிள்யூ-20, எழுதியிருக்கிறதா என்று பார்த்துப் பத்திரப்படுத்துங்கள். இன்ஜின் ஃப்ளஷ் என்று, இன்ஜினை உள்ளே கழுவும் திரவத்தைக் கூடுதலாக நீட்டினால் கையேட்டில் காட்டச் சொல்லுங்கள். என்னிடம் நீட்டியவரால் காட்ட முடியவில்லை.

மைத்துனனுக்குப் போன மாதம் போரூர் அலுவலகத்துக்கு மாற்றலாகிவிட்டது. நேற்று இரவு அவனே கூப்பிட்டான்: “மாமா, சராசரி பத்தொன்பதுக்கு வந்துடுச்சு. எப்ப மாத்தணும்?” கடைசியாக ஆயில் மாற்றியதிலிருந்து 2,660 ஓடியிருக்கிறது. 140 மணி நேரம். இதே போக்கில் போனால் 300 மணிக்கு இன்னும் 3,000 கிலோமீட்டர் இருக்கிறது, ஆனால் கடினச் சூழல் அட்டவணையின் 5,000 அதற்கு முன்பே வந்துவிடும். அதனால் இன்னும் 2,300 கிலோமீட்டரில் மாற்று என்று சொல்லியிருக்கிறேன்.