கருவுறும் முன்பே தொடங்கும் மரபியல் ஆலோசனை: பயன்படுத்திய அனுபவத்திலிருந்து ஒரு மதிப்பாய்வு

குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதியருக்கான மரபியல் ஆலோசனைச் சேவை ஒன்றை, நானும் என் கணவரும் கருவுறுவதற்கு முன்பே தொடங்கி, குழந்தை பிறந்து முதல் ரத்தப் பரிசோதனையின் முடிவு கைக்கு வரும் வரை பயன்படுத்தினோம். என் அக்காவின் முதல் குழந்தை முதுகுத்தண்டு முழுமையாக மூடாத நிலையில் பிறந்தது. எனக்கோ சில ஆண்டுகளாகத் தைராய்டு சுரப்பு குறைவு. இந்த இரண்டையும் மனத்தில் சுமந்துகொண்டு அச்சத்தோடுதான் போனோம். பரம்பரையாக வருவதையும் கரு வளரும் சூழலால் நேர்வதையும் தனித்தனிக் கணக்காகப் பிரிக்காமல், ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று விசாரிப்பதே இந்தச் சேவையின் முதன்மையான பலம். குறைகளும் உள்ளன, அவற்றில் ஒன்று சிறியதல்ல.

முதல் சந்திப்பின் பெரும்பகுதி ஒரு வம்சாவளிப் படம் வரைவதிலேயே சென்றது. ஆலோசகர் வெள்ளைத்தாளில் பென்சிலால் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் இட்டு, இரு பக்கமும் மூன்று தலைமுறைகளைக் கேட்டுக் கேட்டு நிரப்பினார். நோயுள்ளவர்களின் குறியை நிழலிட்டார். இறந்தவர்களின் குறிமேல் சாய்கோடு போட்டார். கலைந்துபோன கர்ப்பங்களுக்குச் சிறு முக்கோணம் வைத்தார். கணவன் மனைவி ரத்த உறவினராக இருந்தால் இரட்டைக் கோடு போட வேண்டும் என்பதால், எங்கள் பெற்றோர், அவர்களுடைய பெற்றோர் என ஒவ்வொரு இணையைப் பற்றியும் அதைத் தனியாகக் கேட்டார். என் கணவரின் பெரியம்மாவுக்கு அடுத்தடுத்து மூன்று முறை கரு கலைந்த செய்தி அந்தத் தாளில்தான் முதன்முதலாக எழுத்தில் ஏறியது. குடும்பத்தில் பேசாமல் விட்டவற்றை அவசரப்படுத்தாமல், குற்றம் சாட்டும் தொனி சிறிதும் இல்லாமல் வெளியே கொண்டுவரும் அந்தப் பொறுமை, எந்தக் கருவியாலும் ஈடுசெய்ய முடியாதது.

“அக்கா குழந்தைக்கு வந்தது எங்கள் குழந்தைக்கும் வருமா? அது யார் வழியில் வந்தது?” என்று என் கணவர் நேரடியாகவே கேட்டார். “ஒருவர் வழியில் வந்தது என்று இதைச் சொல்ல முடியாது சார். பல மரபணுக்களின் சிறுசிறு பங்கும், கரு உண்டான முதல் மாதத்தில் தாயின் உடலில் இருந்த நிலையும் சேர்ந்துதான் இந்தக் குறையை உண்டாக்குகின்றன. உங்கள் குழந்தைக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. அதில் நாம் மாற்றக்கூடிய பங்கு இருக்கிறது, அதைப் பார்ப்போம்” என்றார் அவர். பிறகு ஃபோலிக் அமிலத்துக்கு வந்தார். ஏற்கெனவே இத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மார்களை வைத்து 7 நாடுகளில் நடந்து 1991-இல் வெளியான ஆய்வில், கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு அந்தக் குறை மீண்டும் நேர்வது 72 சதவீதம் குறைந்திருந்தது. பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக்குழாய் கருவுற்ற 28-ஆம் நாள் வாக்கில் மூடிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போனதைப் பல பெண்கள் அப்போதுதான் கவனிக்கத் தொடங்கியிருப்பார்கள். ஆகவே கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கும் மாத்திரை இந்த ஒரு காரியத்துக்குப் பெரும்பாலும் தாமதமாகிவிடும். பொதுவாக நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், முன்பே இக்குறையுள்ள கர்ப்பம் நேர்ந்தவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு அதிகமான அளவு என்று அளவும் ஆளுக்கேற்ப மாறுகிறது என்பதைத் தெளிவாகச் சொன்னார்கள். இந்த ஒரு விளக்கத்துக்காகவே கருவுறும் முன்பே போவது தகும்.

இதே கவனம் என் தைராய்டு மாத்திரைக்கும் கிடைத்தது. கருவின் தைராய்டு சுரப்பி ஏறத்தாழ 12-ஆவது வாரம் வரை தானாக ஹார்மோன் சுரப்பதில்லை. அதுவரை மூளை வளர்ச்சிக்குத் தேவையானது தாயின் ரத்தத்திலிருந்தே போக வேண்டும். எனவே கர்ப்பம் உறுதியான உடனேயே மருத்துவரிடம் போய் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்குமா என்று பார்க்கச் சொன்னார்கள். நான் விழுங்கும் ஒவ்வொரு மருந்தையும், வலிநிவாரணி, மூலிகைச் சூரணம் உட்பட, மேசையில் எடுத்து வைக்கச் சொல்லி அட்டையைத் திருப்பிப் பெயர்களைக் குறித்துக்கொண்டார்கள். ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கருவுறுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தடுப்பூசி போட வேண்டும் என்றார்கள். தாய்க்கு லேசான காய்ச்சலும் தடிப்புமாக வந்துபோகும் ரூபெல்லா, குழந்தையின் கண்ணில் புரை விழச் செய்யும் என்பதை 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் எடுத்துக்காட்டும் வரை, கருப்பை வெளித்தீங்கு எதையும் உள்ளே விடாது என்ற நம்பிக்கையே பரவலாக இருந்தது. 1957 முதல் விற்கப்பட்டு 1961-இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடு அந்த நம்பிக்கையின் மிச்சத்தையும் தகர்த்தது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் சில நாட்கள் மட்டும் அந்த மாத்திரையை எடுத்த தாய்மார்களுக்கும் கை கால் குறுகிய குழந்தைகள் பிறந்தன.

பரம்பரையும் சூழலும் பின்னிக் கிடப்பதை எனக்கு முழுமையாகப் புரியவைத்தது ஃபீனைல்கீட்டோனூரியா பற்றிய அவர்களுடைய விளக்கம். ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாக இருப்பதால் வரும் நோய் அது. உணவிலுள்ள ஃபீனைல்அலனின் என்ற பொருளை உடலால் சிதைக்க முடியாமல் அது மூளையைச் சேதப்படுத்துகிறது. பிறந்த சில நாட்களிலேயே கண்டறிந்து, அந்தப் பொருள் குறைந்த உணவு கொடுத்தால் அதே மரபணுவோடு குழந்தை இயல்பாக வளர்கிறது. வளர்ந்து தாயாகும்போது அவள் அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டிருந்தால், நோய் சிறிதும் இல்லாத கருவின் மூளையையும் இதயத்தையும் அவளுடைய ரத்தத்தில் மிகுந்திருக்கும் அதே பொருள் பாதிக்கிறது. தாயின் மரபணு குழந்தைக்குச் சூழலாக மாறிவிடுகிறது! இதைக் கேட்ட பிறகு, எது விதி, எது வளர்ப்பு என்று பங்கு பிரிக்கும் பேச்சு எனக்கு அர்த்தமற்றதாகத் தோன்றுகிறது. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்ளும் ஒத்த இரட்டையர்கூட, அதில் கிடைக்கும் பங்கு சமமாக இல்லாவிட்டால் எடையில் கணிசமான வேறுபாட்டுடன் பிறக்கலாம் என்று அவர்கள் சேர்த்துச் சொன்னதும் இதற்குப் பொருத்தமாக இருந்தது.

தனக்கு நோய் இல்லாமலே பழுதான மரபணுவின் ஒரு பிரதியைச் சுமப்பவரை, அதாவது கடத்தியை, கண்டறியும் பரிசோதனையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ரத்தம் எடுத்தார்கள், முடிவு வந்தது, விளக்கினார்கள். இரண்டு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வரும் ஒடுங்கு நோய் ஒன்றுக்குத் தம்பதியர் இருவருமே கடத்திகளாக இருந்தால், குழந்தைக்கு அந்த நோய் வரும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாகவே பொருந்தும். முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூவரும் தப்பிவிடுவார்கள் என்று எண்ணக்கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார்கள்.

இனி, நான் சொன்ன பெரிய குறை. கர்ப்பத்தின் 10-ஆவது வாரத்துக்குப் பிறகு தாயின் ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துணுக்குகளைக் கொண்டு டவுன் நோய்க்குறி போன்ற குரோமோசோம் மாற்றங்களைத் தேடும் பரிசோதனையையும் இவர்களே ஏற்பாடு செய்கிறார்கள். அதன் அறிக்கை ஆலோசகரைச் சந்திப்பதற்கு முன்பே கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. ‘குறைந்த அபாயம்’ அல்லது ‘அதிக அபாயம்’ என்ற தடித்த எழுத்தும், அருகே 99 சதவீதம் என்ற எண்ணும் மட்டுமே முதல் பக்கத்தில் இருக்கின்றன. அந்த எண் எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் ‘அதிக அபாயம்’ என்ற சொல்லைத் தனியாக வாசிக்கும் ஒரு பெண்ணின் நிலையை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆயிரத்தில் ஒரு கர்ப்பத்தில் காணப்படும் நிலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் பெண்களைப் பரிசோதித்தால் உண்மையாகவே அந்த நிலையுள்ள பத்துப் பேரையும் ஏறக்குறைய முழுமையாகக் கண்டுபிடித்துவிடும். ஆனால் ஆயிரத்துக்கு ஒன்று வீதம் தவறாகச் சுட்டினாலும் மேலும் பத்துப் பேருக்கு அதே ‘அதிக அபாயம்’ வந்துசேரும். அதாவது அந்தச் சொல்லைப் பெற்றவர்களில் பாதிப் பேரின் குழந்தைக்கு அந்த நிலையே இல்லை. மேலும், அந்தத் துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. நஞ்சுக்கொடியின் செல்களும் குழந்தையின் செல்களும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை போன்ற ஒன்று செய்யாமல் எதையும் முடிவு செய்யக்கூடாது என்ற வாசகம் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. எங்களுக்குக் ‘குறைந்த அபாயம்’ வந்தது என்பதால் இந்தக் குறையை நான் சிறிதாகக் கருதத் தயாராக இல்லை. ஆலோசகரின் குரல் வழியாகத்தான் அந்த அறிக்கை முதலில் வந்து சேர வேண்டும்.

மற்றொரு குறை தந்தைமார் பற்றியது. சூழல் குறித்த வினாப்படிவம் எனக்குப் பல பக்கங்கள். என் கணவருக்கு அரைப் பக்கம். தந்தையின் வயது ஏற ஏற விந்தணுக்களில் புதிய மரபணு மாற்றங்கள் கூடுகின்றன என்பதும், வீட்டில் ஒருவர் புகைத்தால் அது கர்ப்பிணியின் மூச்சிலும் கலக்கிறது என்பதும் நன்கு அறியப்பட்டவை. அப்படியிருக்கக் கேள்விகள் எல்லாம் தாயை நோக்கியே வந்தால், பின்னால் ஏதேனும் நேர்ந்தால் பழியும் அவள்மீதே விழும். அவர்கள் கொடுக்கும் கையேடும் இதே திசையில்தான் சாய்கிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நிலவிய பட்டினியின்போது கருவில் இருந்தவர்களின் டிஎன்ஏ மீது அமர்ந்து மரபணுக்களின் செயலைக் கூட்டிக் குறைக்கும் வேதிக்குறிகளில் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் வேறுபாடு தெரிந்தது என்ற உண்மையைச் சொல்லிவிட்டு, தாய் ஒருவேளை உணவைத் தவறவிட்டாலே குழந்தையின் எதிர்காலம் மாறிவிடும் என்பதுபோல் எழுதியிருக்கிறார்கள். போர்க்காலக் கொடும்பஞ்சமும், வாந்தியால் ஒரு பெண் சாப்பிட முடியாமல் போகும் ஒரு நாளும் ஒன்றாகா. அந்தப் பத்தியைத் திருத்தி எழுத வேண்டும்.

பிறந்த பின்னான பகுதி நிறைவாக இருந்தது. குழந்தை பிறந்து ஒரு நாள் கடந்த பின், செவிலியர் அவளுடைய குதிகாலை வெதுவெதுப்பாக்கி ஓரத்தில் குத்தி, அச்சிட்ட வட்டங்கள் கொண்ட தடித்த காகிதத்தில் ஒவ்வொரு வட்டமும் பின்புறம் வரை ஊறும்படி ரத்தத்துளிகளை ஏந்தினார். நான் அவளை மார்போடு அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அது முடிந்துவிட்டது. உலர்ந்த அந்தத் துளிகளிலிருந்து ஃபீனைல்கீட்டோனூரியா, பிறவித் தைராய்டு குறைவு போன்றவற்றைக் கண்டறிகிறார்கள். பிறவித் தைராய்டு குறைவு பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி பெரிதும் காப்பாற்றப்படுகிறது. முடிவை ஆலோசகரே தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்.

குடும்பத்தில் பிறவிக் குறைபாடு, தொடர் கருக்கலைவு, ரத்த உறவுத் திருமணம் இவற்றில் ஏதேனும் இருப்பவர்களும், நீரிழிவு, வலிப்பு, தைராய்டு ஆகியவற்றுக்கு நாள்தோறும் மருந்து எடுக்கும் பெண்களும் இத்தகைய சேவையை நாடலாம் என்று தயங்காமல் பரிந்துரைப்பேன். வலிப்பு மருந்துகளில் சில கருவுக்குத் தீங்கானவை. ஆனாலும் கேள்விப்பட்ட மாத்திரத்தில் தாமாக நிறுத்தாமல், கருவுறுவதற்குச் சில மாதங்கள் முன்பே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் சந்திப்புக்குப் போகும்போது இரு பக்கத்துப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதிய குடும்ப விவரங்களையும், பழைய மருத்துவ அறிக்கைகளையும், மருந்து அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். டிஎன்ஏ பரிசோதனைக்குக் கையெழுத்திடும் முன், அறிக்கையைக் கைப்பேசிக்கு அனுப்பாமல் நேரில் விளக்கித் தர வேண்டும் என்று அதே படிவத்தில் எழுதிக் கேளுங்கள்.