ட்ரீ புல்லர்: ஓடைக்காடு வைத்திருப்பவர் வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள டொங்காட், வெருலம், உம்சிண்டோ பக்கம் கரும்புத் தோட்டத்தோடு ஓர் ஓடைக்காட்டையும் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு ட்ரீ புல்லர் என்ற, செடியை வேரோடு பிடுங்கும் இந்த நெம்புகோல் நன்றாக உதவும். ஆனால் உன்னிச்செடி ஆள் நுழையாதபடி மண்டிய காட்டை முதல் தடவை திறக்க இதை நம்பி இறங்காதீர்கள். அந்த வேலை கரும்புக் கத்திக்கும் வாளுக்கும் உரியது. முதல் சுற்று முடிந்தபின் வெயில் பட்டு முளைக்கும் கன்றுகளைத் தீர்க்கத்தான் ட்ரீ புல்லர். பலர் அந்த இரண்டாம் சுற்றை விட்டுவிடுவதால்தான் காடு பழையபடி மூடிக்கொள்கிறது.

அடியில் இரும்புப் பாதம், அதன்மேல் பல்வைத்த தாடை, நீளமான கைப்பிடி, அவ்வளவுதான். தண்டைத் தாடைக்குள் விட்டுக் கைப்பிடியைப் பின்னுக்குச் சாய்த்தால் பிடி இறுகி வேர் மேலே வரும். மண்ணை ஒட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு சாண் மேலே பிடித்தால் தண்டு ஒடிந்து வேர் உள்ளேயே தங்கிவிடும். கட்டைவிரல் பருமன் முதல் சுமார் 4 செ.மீ. வரை சிரமமில்லாமல் வரும். அதைவிடப் பருத்ததோடு மல்லுக்கட்டினால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

மழை பெய்த மறுநாள் இறங்குவதே நல்லது. காய்ந்த மண்ணில் வேர் அறுந்துபோகும். குரோமோலேனா என்ற அயல் புதர் இங்கே ஜூன், ஜூலையில் பூக்கிறது, விதை காற்றில் பறக்கிறது. அதனால் கோடை மழையில் தொடங்கி மே மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். டர்பன் பக்கத்துச் செம்மணலில் பாதம் புதைந்துபோகும். அடியில் ஓர் அகலப் பலகையைப் போட்டால் சரியாகிவிடும்.

உன்னிச்செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிஞ்சிய தண்டுகளை ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். பக்வீட் என்ற, சுண்டை இனத்து அயல் செடி சுலபமாக வந்துவிடும். ஆனால் அதன் இலை ரோமம் மூச்சுக்குழலை அரிக்கும் என்பதால் மூக்கு மூடாமல் தொடக் கூடாது. அதைப் பிடுங்குமுன் இன்னொன்றும் பாருங்கள்: தண்டில் முள்ளும் சிவப்புப் பழமும் இருந்தால் அது சொலானம் ஜைகான்டியம், இந்த மண்ணின் செடி. பக்வீடுக்கு முள் கிடையாது, பழம் மஞ்சளாகும், காம்படியில் காது போன்ற சிற்றிலைகள் இருக்கும்.

கொய்யாவில்தான் இந்தக் கருவி திணறுகிறது. வழுவழுப்பான பட்டையில் தாடை வழுக்கும். பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் ஓரளவு பிடிக்கும். வேர்த்துண்டு தங்கினால் மறுபடி தழையும். பருத்த கொய்யாவைத் தாழ வெட்டி, அதற்கெனப் பதிவான களைக்கொல்லி மருந்தை அடிக்கட்டையில் உடனே பூசுவதே மேல். ஓடைக்கரைச் சரிவிலும் பிடுங்க வேண்டாம், கரை இடியும். அங்கே வெட்டிப் பூசலாம், ஆனால் நீரருகே பயன்படுத்த லேபிள் அனுமதிக்கும் மருந்தாக இருக்க வேண்டும்.

பிடுங்கிய குழியை மிதித்து இறுக்கி, சருகால் மூடுங்கள். கிளறிய மண்ணில் வெயில் பட்டால் அடியில் கிடக்கும் விதை எல்லாம் எழும். வேரை மண் படாமல் கிளையில் மாட்டிக் காயவிடுங்கள். குவியலைக் காட்டு விளிம்பில் போடவே கூடாது. குரோமோலேனா பச்சையாகவே எரியும், தீயை உள்ளே இழுத்துப்போகும்.

தென்னாப்பிரிக்காவின் அயல் ஊடுருவி இன விதிகளின் 1பி பிரிவில் உன்னி, குரோமோலேனா, பக்வீட் மூன்றும் உள்ளன. நிலத்தின் சொந்தக்காரர் அவற்றைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும், நிலத்தை விற்றால் வாங்குபவருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். அதேசமயம் இயற்கைக் காட்டின் உள்ளூர் மரத்தை, உங்கள் சொந்த நிலத்தில் நின்றாலும், உரிமமின்றி வெட்டுவதை 1998ஆம் ஆண்டின் 84ஆம் எண் காடுகள் சட்டம் தடுக்கிறது. கூலிக்கு வரும் ஆட்களுக்கு எதைப் பிடுங்கலாம் என்று மரத்தைக் காட்டிச் சொல்லிவிட்டே கருவியைக் கையில் கொடுங்கள்.

வாங்கும்போது தாடையின் அச்சு ரிவெட் அடித்ததா, போல்ட் போட்டதா என்று பாருங்கள். முதலில் ஆட்டம் காண்பது அந்த அச்சுதான். போல்ட் என்றால் ஊர் ஹார்டுவேர் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம். அளவில் நடுத்தரமே போதும். பெரியதைச் சரிவில் நாள் முழுக்கச் சுமக்க முடியாது.